மதுரையில் இருந்துகொண்டு வார்ஹேமர் தொடங்குகிறவர் எந்தப் படையை வாங்கலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மதுரையில் வேலை பார்க்கிறீர்கள், சின்னப் பிளாஸ்டிக் உருவங்களைப் படையாக நிறுத்தி மேசையில் ஆடுகிற 'வார்ஹேமர் 40,000' விளையாட்டின் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது, பதினைந்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள், டைரனிட் பூச்சிப் படை மேல் ஒரு கண். ஆனால் ஒருவர் "ஸ்பேஸ் மரீன்தான் வாங்கணும்" (கவச வீரர் படை) என்கிறார், இன்னொருவர் "இப்போ எது ஜெயிக்குதோ அதை வாங்கு" என்கிறார், ஊரில் கூட விளையாட ஆள் கிடைப்பார்களா என்றும் தெரியவில்லை. எந்தப் படை பலமானது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது எனக்குத் தெரிந்த கவலை வேறு: இவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டி பரணில் கிடக்கக்கூடாது என்பது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைரனிட் வாங்குங்கள். ஆனால் டைரனிட் மட்டும் வாங்காதீர்கள். எதிரில் நிறுத்த ஒரு சின்னப் படையையும் நீங்களே வாங்குங்கள். இரண்டுமே சின்னதாக இருக்கட்டும். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான் பல வருடமாக இந்த மினியேச்சர்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மேசை போட்டு விளையாடி வருகிறவன். புதிதாக வருகிறவர்களுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. பெங்களூரு பக்கம் நடக்கிற போட்டிகளில் ஜெயிக்கப் பட்டியல் போட்டுத் தருகிற ஆள் நான் இல்லை, அந்தக் கணக்கு வேறு. ஏல்டாரி, டாவ் என்ற படைகள் இரண்டையும் எதிரில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர என் கையால் பெயின்ட் அடித்ததில்லை, அதனால் அவற்றைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். வீட்டு மேசையில், கொஞ்ச ஆட்களோடு, சொந்தக் காசில் விளையாடுகிற ஒருவருக்கு எது நீடிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் நிலைமை அதுதான்.

முதலில் அந்த 'ஜெயிக்கிற படை' விஷயத்தை முடித்துவிடுவோம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பாயின்ட் விலை உண்டு, இரண்டு பேரும் ஒரே மொத்தத்துக்கு, பெரிய ஆட்டமென்றால் 2,000 பாயின்டுக்கு, படை கட்டி வருவார்கள். இந்த பாயின்ட் விலைகளை, விளையாட்டைத் தயாரிக்கிற கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி இலவசமாக வெளியிடுகிறது. எல்லாப் படையும் 45 முதல் 55 சதவீத வெற்றிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களே சொல்லும் இலக்கு. அதாவது ஒரு படை கூடுதலாக ஜெயித்தால் அடுத்த முறை அதன் விலையை ஏற்றிவிடுவார்கள். நீங்கள் இன்றைக்கு ஆர்டர் போட்டு, பெட்டி வந்து, வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து மேசைக்குக் கொண்டுவருவதற்குள் அந்தப் பட்டியல் ஒருமுறையாவது மாறியிருக்கும். தவிர 'பலவீனமான படை' என்று வீடியோவில் சொல்வது நூறு ஆட்டத்தில் நாற்பத்தைந்து ஜெயிக்கிற படையைத்தான் பெரும்பாலும். அதுவும் போட்டி ஆட்டக்காரர்கள் கையில். புதிதாக விளையாடுகிற இரண்டு பேருக்கு நடுவே, யார் குறிக்கோள் இடங்களில் (பிடித்து வைத்தால் புள்ளி கிடைக்கும் இடங்கள்) ஆளை நிறுத்த மறக்காமல் இருந்தார், யார் ஆசைப்பட்டு முன்னால் ஓடி மாட்டிக்கொண்டார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். படையின் பலம் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும்.

எடிஷனும் மாறிக்கொண்டே இருக்கும். எட்டாவது எடிஷன் 2017இல், ஒன்பதாவது 2020இல், பத்தாவது 2023இல் வந்தது. சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிப்புத்தகம் மாறும் என்று வைத்துக்கொண்டே காசைச் செலவு பண்ணுங்கள். சில சமயம் படையே கூட போய்விடும். வார்ஹேமர் ஃபேண்டஸி என்ற பழைய ஆட்டத்தை 2015இல் நிறுத்தி 'ஏஜ் ஆஃப் சிக்மார்' கொண்டுவந்தபோது பிரெட்டோனியா என்ற குதிரை வீரர் படைக்கு அதில் இடமில்லாமல் போனது. 2024இல் 'ஓல்டு வேர்ல்டு' என்ற பெயரில் அந்த ஆட்டம் திரும்பி வந்தபோதுதான் படையும் திரும்பியது. 40,000 உலகத்தில் ஸ்குவாட் என்ற குள்ளர் படை தொண்ணூறுகளில் காணாமல் போய், 2022இல் லீக்ஸ் ஆஃப் வோட்டான் என்று வேறு உருவத்தில் வந்தது. எல்லாருக்கும் செல்லப்பிள்ளையான ஸ்பேஸ் மரீனிலேயே 2017இல் பெரிய உருவங்கள் வந்த பிறகு பழைய சின்ன மரீன்கள் ஒவ்வொன்றாகக் கடையை விட்டுப் போனார்கள். டைரனிட் அடுத்த எடிஷனில் மேலே போகுமா கீழே போகுமா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஊகிக்கிறார். ஆனால் பெயின்ட் அடித்த உருவங்கள் உங்களிடம்தான் இருக்கப் போகின்றன, அவை உங்களுக்குப் பிடித்தவையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் மேசையில் விளையாடுகிற நேரம் கொஞ்சம். அதைப் போலப் பல மடங்கு நேரம் தூரிகையோடு போகும். மதுரை மாதிரி ஆட்டக்காரர்கள் குறைவான ஊரில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. அப்படியென்றால் படையைத் தேர்ந்தெடுப்பது என்றாலே எந்த உருவத்தை, எந்த நிறத்தை, திரும்பத் திரும்பப் பத்து, இருபது தடவை அடிக்கப் போகிறோம் என்று தேர்ந்தெடுப்பதுதான். பெட்டி அட்டையில் இருக்கிற தலைவன் உருவத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். தலைவன் ஒருவன்தான். அவனுக்குக் கீழே நிற்கிற சாதா சிப்பாயைப் பாருங்கள். டைரனிட் என்றால் டெர்மகான்ட், நெக்ரான் என்ற உலோக எலும்புக்கூட்டுப் படை என்றால் வாரியர், ஆர்க் என்றால் பாய்ஸ். அந்தச் சாதா உருவம் பிடித்திருந்தால் மட்டும் அந்தப் படை.

எத்தனை உருவம் என்பதையும் பாருங்கள். 2,000 பாயின்டுக்கு இம்பீரியல் நைட்ஸ் என்றால் நாலைந்து பெரிய இயந்திரங்களும் கூடச் சில சின்னதுகளும்தான். கஸ்டோடீஸ் என்ற தங்கக் கவசக்காரர்கள் முப்பதை ஒட்டி. ஸ்பேஸ் மரீன் ஐம்பது வாக்கில். ஆர்க், டைரனிட், ஆஸ்ட்ரா மிலிட்டாரம் மூன்றும் காலாட்படையாகக் கட்டினால் நூறைத் தாண்டும். டைரனிட்டில் பெரிய மிருகங்களாக எடுத்து எண்ணிக்கையைக் குறைக்க வழி உண்டு, ஆர்க்கில் அப்படிக் குறைத்தால் அந்தப் படையின் ருசியே போய்விடும் என்பது என் கருத்து. உருவம் குறைவு என்பதற்காக நைட்ஸ் வாங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய குழுவில் அது சரி. இரண்டு மூன்று பேர் மட்டும் விளையாடுகிற இடத்தில் வேண்டாம். நைட்ஸுக்கு எதிரில் நிற்கிறவர் டாங்கை உடைக்கிற ஆயுதங்களாகக் கொண்டுவரவில்லையென்றால் அவருக்கு அந்த மாலை முழுக்க ஒன்றும் செய்ய இருக்காது, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார்.

பெயின்டைப் பொறுத்தவரை ஒவ்வொரு படைக்கும் ஒரு குணம் உண்டு. ஸ்பேஸ் மரீன் கவசம் வழவழப்பான பெரிய பரப்பு, கை நடுங்கினால் அப்படியே தெரியும், ஓரமெல்லாம் மெல்லிய கோடு இழுக்க வேண்டும். நீலம் சொன்னபடி கேட்கும். மஞ்சளும் வெள்ளையும் அனுபவக்காரர்களையே படுத்தும், முதல் படைக்கு வேண்டாம். ஆஸ்ட்ரா மிலிட்டாரம் மனித முகங்களும் பட்டைகளும் பைகளும் நிறைந்தது, பொறுமைசாலிகளுக்கு மட்டும். டெத் கார்டு அழுகலும் துருவும்தான், சிந்தினாலும் அழகு. நெக்ரான் தொடங்குகிறவருக்கு மிகச் சுலபம்: உலோக நிறம் ஒரு அடி, அதன்மேல் கருப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கித் தங்குகிற நீர்த்த நிறம்) ஒன்று, காய்ந்ததும் தூரிகையில் கொஞ்சம் வெள்ளி நிறத்தை எடுத்துப் பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு எலும்புகளின் மேட்டில் லேசாகத் தேய்த்தால் போதும், துப்பாக்கியில் ஒரு பச்சை வைத்தால் ஆள் தயார். டைரனிட்டும் இதே சுலபத்துக்கு ரொம்பப் பக்கம். தோல் ஒரு நிறம், முதுகு ஓடு ஒரு நிறம், நகமும் பல்லும் ஒரு நிறம். உடம்பு முழுக்க வரியும் மடிப்புமாக இருப்பதால், 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட் மாதிரி நீர்த்த நிறங்கள் தானாக வழிந்து பள்ளத்தில் கருத்து, மேட்டில் வெளுத்து நிற்கும். முதல் டெர்மகான்ட் உங்களுக்கு ஒரு மாலை பிடிக்கும். பத்தாவதை முடிக்கும்போது கையே வேலையைச் செய்யும்.

இதில் ஒரு பழக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மைக்கு வண்ணம் அடிப்பதைப் போய்ப் பாருங்கள், நவராத்திரிக்கு முன்னால் போனால் நல்லது. வெள்ளை அடித்த பொம்மைகள் வரிசையாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர் ஒரு பொம்மையை எடுத்து முழுதாக முடிக்க மாட்டார், ஒரே நிறத்தை எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்டே போவார், கடைசி பொம்மைக்கு வரும்போது முதல் பொம்மை காய்ந்திருக்கும், அடுத்த நிறத்துக்குத் திரும்ப முதலிலிருந்து. கண் கடைசியில்தான். நம் படைக்கும் அதே முறைதான். ஐந்து ஐந்தாக வையுங்கள், பத்துக்கு மேல் வைத்தால் சலித்துவிடும். ஐந்து முடிந்ததும் அலமாரியில் நிறுத்துங்கள், ஒரு தலைவனையோ பெரிய மிருகத்தையோ இடையில் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அடுத்த ஐந்து.

ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோ எதுவும் இதைச் சொல்லாது. சித்திரை வைகாசியில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் போட்டால் தட்டில் வைத்த அக்ரிலிக் பெயின்ட் கண்ணெதிரே தோல் கட்டும், தூரிகை நுனியிலேயே காய்ந்து உருவத்தின் மேல் மணல் மணலாக ஒட்டும். அகலமான பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்து, அடியில் டிஷ்யூ பேப்பரை நனைத்துப் போட்டு, அதன்மேல் கேக் செய்கிறவர்கள் வைக்கும் பேக்கிங் காகிதத்தை விரித்து, பெயின்டை அந்தக் காகிதத்தின் மேல் வையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், மூடி வைத்தால் மறுநாள் கூட அதே பெயின்டை எடுத்து அடிக்கலாம். ஃபேன் காற்று நேராக மேசையில் படாமல் உட்காருங்கள். ஸ்பிரே பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, மொட்டை மாடியில் நடுப்பகலில் அடித்தால் துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாக விழும். ஐப்பசி மழைக் காலத்தில் ஈரக்காற்றில் அடித்தால் பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். மழையில்லாத நாளில் காலை வெயில் ஏறும் முன் அடிப்பது சரி. ஸ்பிரே டப்பா விமானத்தில் ஏறாது என்பதால் வெளியூர்க் கடைகள் பல அதை அனுப்ப மறுக்கும். தூரிகையால் அடிக்கிற பிரைமர் பாட்டில் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கார் பெயின்ட் ஸ்பிரே அடித்துத்தான் பார்ப்பேன் என்றால், உருவங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். சில ஸ்பிரே பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

சரி, ஏன் இரண்டு படை? சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களில் ஏற்கனவே ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கே ஒரு படையோடு போனால் எதிரில் ஆள் நிற்கும். இங்கே ஆட்டக்காரரை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். "நீயும் பத்தாயிரம் போட்டு ஒரு படை வாங்கு, பெயின்ட் அடி, விதி படி, அப்புறம் விளையாடலாம்" என்று எந்த நண்பரிடம் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவரைத் திட்டவும் முடியாது. "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வா, காபி போட்டு வைக்கிறேன், உனக்கும் ஒரு படை இருக்கு" என்றால் வருவார். நான் பார்த்த வரையில் இந்தப் பக்கத்தில் தொடர்ந்து விளையாடுகிற ஒவ்வொருவரும் அப்படி யாரோ ஒருவர் நீட்டிய படையை எடுத்து விளையாடி வந்தவர்தான். நாலு ஆட்டம் முடிந்ததும் அவரே எனக்கு எது வாங்கலாம் என்று கேட்பார். அப்படிக் கேட்கிற வரைக்கும் விதியை அவர் படிக்க வேண்டாம், நீங்கள் சொல்லிக் கொடுத்தால் போதும்.

உங்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு எடிஷன் தொடங்கும்போதும் இரண்டு படைகளை எதிரெதிராக வைத்து ஒரே பெட்டியில் விற்பார்கள். 2017இல் ஸ்பேஸ் மரீனும் டெத் கார்டும், 2020இல் ஸ்பேஸ் மரீனும் நெக்ரானும், 2023இல் ஸ்பேஸ் மரீனும் டைரனிட்டும். அந்த 2023 பெட்டியின் பெயர் லெவியத்தான், அதற்குப் பிறகு அதே இரண்டு படைகளோடு சின்னத் தொடக்கப் பெட்டிகளும் வந்தன. உங்களுக்குப் பிடித்த பூச்சிகள், எதிரில் நீலக் கவசக்காரர்கள், இரண்டும் பசை இல்லாமல் அழுத்திப் பொருத்துகிற உருவங்கள், சுருக்கமான விதிகளும் கூட வரும். பெரிய பெட்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு படைதான் வேண்டும், மற்றப் பாதியை விற்றுவிடுவார்கள். அதனால்தான் டெத் கார்டு, நெக்ரான், டைரனிட் மூன்றும் கைமாற்றுச் சந்தையில் மற்றப் படைகளைவிட மலிவாகக் கிடைக்கும். இந்திய ஆட்டக்காரர்களின் விற்பனைக் குழுக்களில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருங்கள். சட்டத்திலிருந்து வெட்டாத உருவங்கள் என்றால் கண்ணை மூடி வாங்கலாம். பெயின்ட் அடித்தது என்றால் நெருக்கமாக எடுத்த படம் கேளுங்கள், கனமாக அப்பியிருந்தால் சுரண்டியெடுக்கிற வேலை புது உருவத்தைவிட அதிக நேரம் எடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. மாதிரி உருவங்களும் அதே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. தனியாள் பார்சலுக்கு எவ்வளவு போடுவார்கள் என்பது பார்சலுக்குப் பார்சல் வேறுபடுவதைப் பார்த்திருக்கிறேன், முன்கூட்டிக் கணக்குப் போட வழியில்லை. இங்கிலாந்து விலையை ரூபாயாக்கிப் பார்த்து மலிவு என்று முடிவு பண்ணாதீர்கள். இந்தியக் கடையில் வாங்கினால் அந்த வரி விலையிலேயே சேர்ந்திருக்கும், உடைந்து வந்தால் பேச ஒரு ஆளும் இருக்கும். ஒரு காம்பாட் பேட்ரோல் பெட்டி, அதாவது ஒரு சின்னப் படை முழுதாக வருவது, இங்கே பத்தாயிரத்தைத் தாண்டும். அதனால் உங்கள் பதினைந்தாயிரத்தில் அப்படி இரண்டு பெட்டி வராது. இரண்டு படையும் சேர்ந்த தொடக்கப் பெட்டியோ கைமாற்றோதான் வழி.

3டி பிரின்ட் பண்ணினால் மலிவுதானே என்று அடுத்து கேட்பீர்கள். மலிவுதான். வீட்டு மேசையில் யாரும் தடுக்கப் போவதில்லை, நிறுவனத்தின் சொந்தக் கடைகளிலும் அவர்கள் நடத்துகிற போட்டிகளிலும் மட்டும் அனுமதி இல்லை. ஆனால் அவர்கள் உருவத்தை அப்படியே நகலெடுத்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். சொந்தமாக வடிவமைத்து விற்கிற சிற்பிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காசு கொடுத்து அச்செடுப்பது முறையானது. அதோடு இரண்டு எச்சரிக்கை. ரெசின் (திரவப் பிளாஸ்டிக்) பிரின்டரை ஏசி போட்டுக் கதவை மூடிய படுக்கையறையில் வைக்கக்கூடாது, உறையாத ரெசினை வெறுங்கையால் தொடக்கூடாது, சாக்கடையில் ஊற்றவே கூடாது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சடித்தது 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும், மாட்டுத்தாவணி பக்கம் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் விட்டால் கத்தியும் காலும் வளைந்துதான் கையில் வரும். முதல் படைக்கு பிளாஸ்டிக் பெட்டியே நல்லது என்பது என் கருத்து, வெட்டி ஒட்டுகிற சுகம் அதில்தான் இருக்கிறது.

இன்னொரு வழியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வார்ஹேமர் மட்டும்தான் இந்த விளையாட்டு என்று நினைக்காதீர்கள். வரலாற்றுப் படைகளை வைத்து விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், எச். ஜி. வெல்ஸ் 1913லேயே பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கு விதி எழுதிப் புத்தகம் போட்டார். 1/72 அளவுப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஒரு பெட்டியில் நாற்பது, ஐம்பது வரும், ஒரு வார்ஹேமர் பெட்டி விலைக்கு அப்படிப் பல பெட்டி வாங்கலாம். டிபிஏ என்று 1990இல் வந்த ஒரு விதித்தொகுப்பில் ஒரு படைக்கு உருவங்கள் ஒட்டிய பன்னிரண்டு சின்னத் தட்டுகள்தான், ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும், யானையும் தேரும் வைத்த பழைய இந்தியப் படைகளுக்கும் அதில் பட்டியல் உண்டு. இங்கே எதற்கும் நிறுவனம் எடிஷன் மாற்றி உங்கள் படையைச் செல்லாததாக்க முடியாது. எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற ஆசை 1764 மதுரை முற்றுகை. கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் வெளியே, கோட்டைக்குள் யூசுப் கானும் (மருதநாயகம்) அவரிடம் சேர்ந்திருந்த பிரெஞ்சுக்காரர்களும், முடிவில் உள்ளிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தது. மேற்கு மாசி வீதிக்கும் மேற்கு வெளி வீதிக்கும் நடுவே தினம் நடக்கிற நமக்கு அந்தக் கோட்டைச் சுவரின் போக்கு காலிலேயே இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இருந்தால் அதையும் யோசியுங்கள். ஆனால் டைரனிட் பார்த்து வந்த ஆசையை வரலாற்றுப் படையால் அடக்க முடியாது, அதுவும் எனக்குத் தெரியும்.

வார்ஹேமருக்குள்ளேயே காசைக் குறைக்க வேண்டுமென்றால் கில் டீம் என்ற சின்ன ஆட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் பத்து உருவத்தை ஒட்டித்தான், பலகை 30க்கு 22 அங்குலம். பெரிய ஆட்டத்துக்கு 60க்கு 44 அங்குலம் வேண்டும், காம்பாட் பேட்ரோல் அளவுச் சின்னப் படைகளுக்கு அதில் பாதி போதும், சாப்பாட்டு மேசை தாங்கும். கட்டடங்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். டிவி, ஃபிரிட்ஜ் பெட்டியில் வருகிற தெர்மகோல் அச்சைத் தலைகீழாகக் கவிழ்த்தாலே பாதித் தொழிற்சாலை மாதிரி இருக்கும். அதன்மேல் ஃபெவிகால் தண்ணீர் கலந்து பூசி மணல் தூவி, காய்ந்த பிறகு சாம்பல் நிறம் அடியுங்கள். ஃபெவிகால் பூசாமல் நேராக ஸ்பிரே அடித்தால் தெர்மகோல் உருகிக் குழி விழும். உருவங்களில் இடைவெளி அடைக்க எம்-சீல் போதும்.

உங்கள் பணத்துக்கு என் கணக்கு இது. ஒன்பது, பத்தாயிரத்துக்குள் டைரனிட்டும் மரீனும் சேர்ந்த தொடக்கப் பெட்டி, புதியதோ கைமாற்றோ. மூவாயிரத்துக்குள் பெயின்டும் கருவிகளும்: பிரைமர் ஒன்று, எலும்பு நிறம், ஊதா, நீலம், உலோகம், கருப்பு, பழுப்பு வாஷ், நல்ல நுனி உள்ள நடுத்தரத் தூரிகை இரண்டு, தேய்த்துப் பாழாக்க ஒரு மலிவுத் தூரிகை, பிளாஸ்டிக் வெட்ட ஒரு சின்னக் கட்டிங் பிளையர். கத்தி ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள், மூன்று மாதம் கழித்து உங்களுக்கே தெரியும் எந்தப் பெரிய மிருகம் வேண்டும் என்று. ஒவ்வொரு படைக்கும் தனியாக வருகிற கோடெக்ஸ் விதிப்புத்தகத்தை இப்போது வாங்க வேண்டாம். அடிப்படை விதியும் காம்பாட் பேட்ரோல் விதிகளும் நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன, படை 1,000 பாயின்டை எட்டும்போது கோடெக்ஸைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிப் பொருத்திவிடாதீர்கள், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குவியல் பயமுறுத்தும். ஐந்து டெர்மகான்ட், மூன்று மரீன் மட்டும் பொருத்தி, பெயின்ட் அடித்து முடியுங்கள். அந்த எட்டை வைத்தே ஒரு நண்பரைக் கூப்பிட்டு, நகர்வது, சுடுவது, அடிப்பது மட்டும் வைத்துக் கால் மணி நேரம் ஆடிப் பாருங்கள். அவர் மரீனை எடுத்துக்கொள்கிறாரா, பூச்சியை எடுக்கிறாரா என்று கவனியுங்கள், மீதிப் பணத்தை எந்தப் பக்கத்துக்குச் செலவழிப்பது என்பது அதைப் பொறுத்தது.